எறும்பு ஏன் தரித்துப் போகிறது

அந்தக் காலத்தில் எறும்பு நிற்காது. ஆடும் மாடும் ஆளோடு ஆளாகப் பேசித் திரிந்த காலம் அது. பனைமரம்கூடக் கேட்டதற்குப் பதில் சொல்லும். அப்படிப்பட்ட காலத்திலும் எறும்பிடம் மட்டும் யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள். "என்னம்மா, நல்லா இருக்கியா?" என்று கேட்டு முடிப்பதற்குள் அது நாலு அடி தாண்டிப் போயிருக்கும். பதில் வேண்டுமென்றால் பின்னாலேயே ஓட வேண்டும். ஆமைக்கு இதனால் எறும்பைக் கண்டாலே ஆகாது.

தரித்தல் என்று ஒரு பழைய சொல் இருக்கிறது. போகிற வழியில் சற்றே நின்று, நின்ற இடத்தில் ஒரு மூச்சு விட்டு, பிறகு போவதற்குப் பெயர் தரித்தல். இப்போது அதை அதிகம் யாரும் சொல்வதில்லை. அலைந்துகொண்டே இருக்கும் பிள்ளையைப் பார்த்து, "இவனுக்கு ஓரிடத்தில் கால் தரிக்காது" என்று எப்போதாவது சொல்வதோடு சரி. நாமாவது பரவாயில்லை, மறந்து போனோம். எறும்புகள் அந்தச் சொல்லை வேண்டுமென்றே தங்கள் பேச்சிலிருந்து எடுத்து எறிந்திருந்தன.

காரணம் இல்லாமல் இல்லை. எப்போதோ ஒருத்தி வரிசையில் போகும்போது, பனையிலிருந்து சொட்டிய பதநீரைப் பார்த்து நின்றுவிட்டாள். அவள் நின்றதும் பின்னால் வந்தவள் நின்றாள். அவளுக்குப் பின்னால் வந்தவளும் நின்றாள். கொஞ்ச நேரத்தில் அங்கே ஒரு குவியலே சேர்ந்துவிட்டது. வேலியில் உட்கார்ந்திருந்த ஓணான் இறங்கி வந்து மொத்தக் குவியலையும் நக்கித் தின்றுவிட்டு ஏப்பம் விட்டுக்கொண்டு போனது. சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது என்பார்களே, அதுதான் எறும்புகளுக்கும் நடந்தது. அதற்குப் பிறகு ஒரே சட்டம். நடக்கிறவள் நிற்கக் கூடாது. நிற்கிறவளின் மீசையை வேரோடு கடித்து எடுத்துவிட வேண்டும்.

பெண்பிள்ளைகளுக்கு மீசையா என்று சிரிக்க வேண்டாம். எறும்பின் நெற்றியில் நூல் போல இரண்டு நீட்டிக்கொண்டிருக்கிறதே, அதைத்தான் சொல்கிறேன். எறும்புக்குக் கண் மங்கல். மணம் துணைக்கு இருந்தால்தான் அதுவும் பார்க்கும். மூக்கு முழுவதும் அந்த மீசையில் இருக்கிறது. போகிற வழி, சேர வேண்டிய வீடு, கூடப் பிறந்தவள், எல்லாமே அதற்கு மணத்தால்தான் தெரியும். மீசை போன எறும்புக்கு உயிர் இருக்கும், ஊர் இருக்காது.

நான் சொல்லும் புற்று ஒரு கண்மாய்க் கரையின் அடிவாரத்தில், பள்ளத்தில் இருந்தது. அதில் இருந்தவர்கள் சிற்றெறும்புகள். அத்தனை பேரும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். அவளை எல்லோரும் ஆத்தா என்றார்கள். புற்றுக்கு இரண்டு வாசல். பள்ளத்தைப் பார்த்த முன்வாசல்தான் புழக்கத்தில் இருந்தது. மேட்டில் ஒரு பாறைக்கு அடியில் பின்வாசல் ஒன்று உண்டு. ஆத்தா முதன்முதலாகத் தோண்டியது அது. முன்வாசல் வந்த பிறகு அதைச் சீந்துவாரில்லை.

முன்வாசலிலிருந்து களத்துமேடு வரை நீளமாக ஒரு பாதை. பாதையில் இரண்டு வரிசை. ஒன்று வெறும் வாயோடு களத்துக்குப் போகும். மற்றது நெல்லைக் கவ்விக்கொண்டு வீட்டுக்கு வரும். விடிந்ததிலிருந்து பொழுது சாயும் வரை இரண்டு வரிசையும் ஓடிக்கொண்டே இருக்கும். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்று நாம் சொல்கிறோம். அந்தப் பாதையில் நிஜமாகவே ஒரு கல் தேய்ந்து கிடந்தது.

வரிசைக்குக் கங்காணி சடச்சி. வயதில் மூத்தவள், தலை பெரியவள், பல் அதைவிடப் பெரிது. கூடப் பிறந்தவள்தான் என்றாலும் சின்னவர்கள் அவளைச் சித்தி என்றுதான் கூப்பிடுவார்கள். வரிசையின் ஓரமாக மேலும் கீழும் போய்வந்துகொண்டே இருப்பாள். "நடங்கடி, நடங்கடி" என்பதைத் தவிர வேறு எதுவும் அவள் வாயிலிருந்து வந்து யாரும் கேட்டதில்லை. அவள் அதுவரை ஒருத்தியின் மீசையையும் கடித்ததில்லை. கடிக்கும்படி யாரும் வைத்துக்கொண்டதில்லை.

இந்தப் புற்றில் இருளி, அங்கம்மா என்று இரண்டு பேர். ஒரே நாளில், ஒரே மூலையில், பக்கத்துப் பக்கத்து முட்டையிலிருந்து வந்தவர்கள். அங்கம்மா ஒரு நொடி முன்னால் வந்துவிட்டாள், அதனால் அவள் அக்கா. அங்கம்மாவுக்கு வரிசையில் நெல் சுமக்கும் வேலை. இருளிக்கு உள்ளே முட்டை அறையில் முட்டைகளைப் புரட்டி, துடைத்து, ஈரம் படாமல் பார்த்துக்கொள்ளும் வேலை. அக்கா முன்வாசலுக்குள் நெல்லைக் கொண்டு வந்து போடும்போது தங்கச்சி எட்டிப் பார்ப்பாள்.

"அக்கா."

"ம்."

அவ்வளவுதான். அதற்குள் அக்கா போயிருப்பாள். மூன்று மாதமாக அவர்கள் பேசிக்கொண்டது இவ்வளவுதான். இருளிக்கு அக்காவிடம் சொல்ல நிறைய இருந்தது. அக்காவுக்கும் இருந்திருக்கும். யார் நின்றார்கள், யார் கேட்டார்கள்?

ஐப்பசியில் ஒரு நாள். நல்ல வெயில். வானத்தில் பொட்டு மேகம் இல்லை. மேற்கே எங்கேயோ மலையில் பெய்த மழை ஆற்றில் வந்து, ஆறு கண்மாயில் வந்து, கண்மாய் கழுத்து வரை நிறைந்திருந்தது எறும்புகளுக்குத் தெரியாது. கரைக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று யார் நின்று பார்த்தார்கள்?

முற்பகலில் ஒரு நண்டு பாறையடிப் பின்வாசலில் வந்து மூச்சிரைக்க நின்றது. கொடுக்கெல்லாம் சேறு.

"ஆத்தா இருக்காகளா? கூப்பிடுங்க தாயி, அவசரம்."

ஆத்தா உள்ளிருந்தே கேட்டாள். "என்ன நண்டண்ணே, இந்தப் பக்கம்?"

"வாயில வரமாட்டேங்குது. கரையில நான் வளை தோண்டியிருக்கேன்ல, அது வழியா தண்ணி கசியுது. காலையில நூல் மாதிரி இருந்துச்சு. இப்பக் கட்டை விரல் தடிமன் ஆயிருச்சு. நேரா உங்க பள்ளத்துக்குத்தான் வருது."

"அடைக்க முடியாதா?"

"அடைச்சுப் பாத்தேன். என்னையே தூக்கி வெளிய எறிஞ்சுருச்சு." நண்டு தலையைக் குனிந்துகொண்டது. "என் தப்புதான் தாயி. கரைன்னு நினைக்காம வீடுன்னு நினைச்சுத் தோண்டிட்டேன்."

ஆத்தாவுக்கு நண்டைத் திட்ட நேரமில்லை. கீழ் அறையில் தரை ஏற்கனவே சில்லென்று இருந்தது. இருளி மிதித்துப் பார்த்தாள். கால் சதக்கென்று உள்ளே இறங்கியது. அந்த அறை நிறைய முட்டை. அவற்றைப் பின்வாசல் வழியே பாறைமேல் ஏற்ற வேண்டும். உள்ளே இருப்பதோ முட்டை பார்க்கிற பத்துப் பன்னிரண்டு பேர். மற்ற அத்தனை பேரும் வெளியே, வாயில் நெல்லோடு, முன்வாசலை நோக்கி வந்துகொண்டிருக்கிறார்கள்.

"இருளி, ஓடு" என்றாள் ஆத்தா. "முன்வாசலுக்கு யாரும் வரவேணாம்னு சொல்லு. நெல்லைப் போட்டுட்டு, பாறையடி வாசலுக்கு வந்து முட்டையைத் தூக்கச் சொல்லு. போ, போ."

இருளி பின்வாசல் வழியே வெளியே வந்து, பாறையைச் சுற்றி இறங்கி, பாதையைப் பிடித்தாள். முன்வாசல் இருந்த பள்ளத்தில் தண்ணீர் அதற்குள் தட்டுப் போல் நிறைந்திருந்தது. வெயிலில் அது பளபளவென்று இருந்தது. வாசலைக் காணோம். நெல் சுமந்த வரிசை களத்துமேட்டிலிருந்து எப்போதும் போல இறங்கி வந்துகொண்டிருந்தது. இருளி அதற்கு எதிராக ஓடினாள்.

எதிரே வந்த முதல் ஆளிடம், "முன்வாசலுக்கு" என்றாள். அவள் போய்விட்டாள். அடுத்தவளிடம், "போகாதே" என்றாள். அவளும் போய்விட்டாள். அதற்கடுத்தவள், "தண்ணி" என்பதைக் கேட்டுக்கொண்டு போனாள். நிற்காதவளிடம் எவ்வளவுதான் சொல்ல முடியும்? ஒருத்திக்கு ஒரு சொல் என்று, ஒரு சேதியை வரிசை முழுக்கக் கிழித்துக் கிழித்துக் கொடுத்தாள். யாரிடமும் முழுசாக இல்லை.

"தண்ணி" என்ற சொல் கிடைத்தவள் மட்டும் நடந்துகொண்டே, "வெயில் மண்டையைப் பிளக்குது, இவளுக்குத் தண்ணியாம்" என்று சிரித்தாள். பின்னால் வந்தவளும் சிரித்தாள்.

இருளி சட்டென்று யோசித்தாள். ஒரே சொல்லில் சொன்னால்? "திரும்பு, திரும்பு" என்று ஒவ்வொருத்தியிடமும் கத்தினாள். அது எல்லோருக்கும் கேட்டது. ஆனால் திரும்ப வேண்டுமென்றால் முதலில் நிற்க வேண்டுமே. எறும்புக்கு அது எப்படி என்று தெரியவில்லை. சிலருக்குக் கால் தடுமாறியது. பிறகு பழைய நடை பிடித்துக்கொண்டு இறங்கினார்கள்.

அவள் ஒருமுறை திரும்பிப் பள்ளத்தைப் பார்த்தாள். பார்த்திருக்கக் கூடாது.

வரிசையின் தலைப்பில் போனவள் தண்ணீருக்குள் இறங்கினாள். கூச்சலில்லை, தயக்கமில்லை, தினமும் வாசலுக்குள் இறங்குவது போலவே இறங்கினாள். அவளுக்குப் பின்னால் வந்தவளும் இறங்கினாள். முன்னால் போனவள் நிற்கவில்லையே, அப்படியென்றால் வழி சரிதான் என்று அவளுக்கு. அதற்கடுத்தவளுக்கும் அதே கணக்கு. ஒருத்திக்குப் பின் ஒருத்தியாக, வாயில் நெல்லோடு, வரிசை கலையாமல், சொந்தக் கால்களாலேயே நடந்து போய் முழுகினார்கள்.

அந்தச் சமயத்தில்தான் வரிசையில் அங்கம்மாவின் மணம் வந்தது. நாலு பேருக்குப் பின்னால் அக்கா வந்துகொண்டிருந்தாள்.

அப்போதுதான் இருளி அதைச் செய்தாள். பாதையின் நடுவில் போய் நின்றாள்.

நாலு பேர் அவளைச் சுற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அங்கம்மா எதிரே வந்ததும் முன்னங்கால் இரண்டையும் நீட்டி அக்காவின் முகத்தைப் பிடித்துக்கொண்டாள். அங்கம்மாவின் கால்கள் இருந்த இடத்திலேயே நடந்தன. உடம்பு நகரவில்லை.

"விடுடி. என்னடி பண்றே?"

"நில்லுக்கா. ஒரு மூச்சு நில்லு."

"பைத்தியமா உனக்கு? சடச்சி பாத்தா மீசையக் கடிச்சுருவா. விடு, பின்னால வர்றாளுக."

பின்னால் வந்தவள் அங்கம்மாவின் மேல் முட்டினாள். அவள்மேல் அடுத்தவள் முட்டினாள். ஓணான் கதைக்குப் பிறகு முதல்முறையாக எறும்பு வரிசை நின்றது. அந்த வரிசைக்கே அது பேரதிர்ச்சி. சில பேர் என்ன செய்வதென்று தெரியாமல் நின்ற இடத்தில் நடுங்கினார்கள். ஒருத்தி அழவே தொடங்கிவிட்டாள்.

சடச்சி ஓரமாக விரைந்து வந்தாள். "யாருடி அது?"

யாரும் சொல்ல வேண்டிய தேவை இல்லை, இருளி நட்ட நடுவில் நின்றுகொண்டிருந்தாள்.

"தள்ளு" என்றாள் சடச்சி.

"சித்தி, முன்வாசல்..."

"தள்ளுன்னு சொன்னேன்."

இருளி தள்ளவில்லை. சடச்சி அவளுடைய இடது மீசையைக் கடித்தாள். வேரோடு வந்தது. வரிசையே மூச்சை இழுத்துக்கொண்டது. சட்டம் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் தெரிவது வேறு, கண் முன்னால் பார்ப்பது வேறு.

இருளி அக்காவின் முகத்தை விடவில்லை. "முன்வாசல்ல தண்ணிக்கா" என்றாள்.

சடச்சி வலது மீசையைக் கடித்தாள். அதுவும் வந்தது.

இருளிக்கு உலகம் அணைந்து போனது. பாதையின் மணம் இல்லை, நெல்லின் மணம் இல்லை, கைக்குள் இருக்கும் அக்காவின் மணமும் இல்லை. பிடித்திருப்பது யார் என்றே அவளுக்கு இப்போது தெரியாது. இருந்தும் யாரோ ஒருத்தி என்று நினைத்து, சேதியை முடித்தாள். "முன்வாசலுக்குப் போகாதே. நெல்லைப் போட்டுட்டு, பாறையடி வாசலுக்குப் போ. முட்டையைத் தூக்கு."

முழுச் சேதியும் ஒரே ஆளின் காதில் விழுந்தது அப்போதுதான். அங்கம்மாவின் வாயிலிருந்து நெல் கீழே விழுந்தது.

"எடுடி அதை" என்றாள் சடச்சி.

அங்கம்மா எடுக்கவில்லை. நின்றதால் அவள் கண்ணில் ஒன்று பட்டிருந்தது. "சித்தி, வெளிய போற வரிசை எங்க?"

"என்னது?"

"நமக்கு எதுத்தாப்புல களத்துக்கு ஒரு வரிசை போகுமே. ஒருத்தியையும் காணோமே. உள்ள போனவ யாரும் வெளிய வரலையே சித்தி."

சடச்சி பக்கத்துப் பாதையைப் பார்த்தாள். காலியாகக் கிடந்தது. எப்போதிலிருந்து காலியாக இருக்கிறது என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. எதிர் வரிசை நின்றுபோனதைக்கூடக் கவனிக்காமல் அத்தனை பேரும் நடந்துகொண்டிருந்திருக்கிறார்கள்.

சடச்சி பள்ளத்தை நோக்கி இறங்கினாள். பின்னாலேயே அங்கம்மாவும் போனாள்.

தண்ணீரின்மேல் கறுப்பாகப் பாய் விரித்தது போலக் கிடந்தார்கள். ஒருத்தி வாயிலிருந்தும் நெல் விழவில்லை. கால்கள் மட்டும் அசைந்தன. சடச்சி முதலில் அவர்கள் நீந்துகிறார்கள் என்று நினைத்தாள். இல்லை. அவர்கள் நடந்துகொண்டிருந்தார்கள். தண்ணீருக்குள்ளும் அவர்கள் நிற்கவில்லை. இருளியைச் சுற்றிக்கொண்டு வந்த அந்த நாலு பேரும் அப்போதுதான் கரைக்கு வந்து, மிதக்கிறவர்கள் முதுகில் ஏறி மேலே நடந்தார்கள்.

சடச்சி நின்றாள். அவள் பிறந்ததிலிருந்து நின்றதில்லை. கால் ஆறும் மண்ணில் பதிந்துவிட்டது. பிறகு அவள் வாயிலிருந்து வரவே கூடாத சொல் வந்தது.

"நில்லுங்கடி."

அந்த நாலு பேரும் திடுக்கிட்டு நின்றார்கள். சொன்னது சடச்சி என்பதால் நின்றார்கள். அங்கம்மா ஓடிப் போய் அவர்களைக் கரைக்கு இழுத்தாள். கைக்கு எட்டிய இன்னும் சில பேரையும் இழுத்தாள். எட்டாதவர்கள் எட்டாதவர்கள்தான்.

அதற்குப் பிறகு நடந்தது வேகமாக நடந்தது. பாதையில் மீதி இருந்தவர்களை அங்கம்மா பாறையடி வாசலுக்குத் திருப்பினாள். நெல்லெல்லாம் வழியில் சிதறியது. ஆளுக்கொரு முட்டை என்று தூக்கி, பாறைமேல் ஏறி வைத்துவிட்டு, மறுபடியும் உள்ளே ஓடினார்கள். எறும்பு முட்டையோடு திட்டை ஏறினால் மழை வரும் என்று நம் ஆட்கள் சொல்வார்கள். அன்று மழையே இல்லாமல் ஏறினார்கள். களத்தில் நெல் தூற்றிக்கொண்டிருந்த ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, தெளிந்த வானத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று நெல்லை மூடி வைத்தாராம்.

கீழ் அறை முட்டைகளில் பாதிதான் வந்தது. மீதிக்கு மேல் தண்ணீர் ஏறிவிட்டது. ஆத்தாவை இருபது பேர் சேர்ந்து தூக்கி வந்து பாறையின் உச்சியில் வைத்தார்கள். எல்லோரும் ஈரத்தோடு முட்டைகளைச் சுற்றி நின்றார்கள்.

ஆத்தா கேட்டாள். "எங்க என் வரிசை? இம்புட்டுப் பேர்தானா?"

எல்லோர் கண்ணும் பள்ளத்துப் பக்கம் போனது.

"நான் சேதி சொல்லி விட்டேனே. வரலையா சேதி?"

"வந்துச்சு ஆத்தா" என்றாள் அங்கம்மா. "நாங்க நிக்கல."

ஆத்தா சடச்சியைப் பார்த்தாள். சடச்சி முன்னால் வந்து எதையோ ஆத்தாவின் காலடியில் வைத்தாள். நூல் போல இரண்டு மீசை. அத்தனை ஓட்டத்திலும் அதை அவள் துப்பவில்லை. வாயில் இருந்ததே அவளுக்குத் தெரிந்ததா என்பது சந்தேகம்.

"இது யாரோடது?"

"இருளியோடது."

ஆத்தா அந்த மீசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எதுத்தாப்புல ஒருத்தி ஓடி வாறா. கத்துறா. என்னன்னு கேக்க ஒருத்திக்குக் கூடவாடி கால் தரிக்கல?"

தரிக்கல. அந்தச் சொல்லை அங்கே இருந்தவர்களில் யாரும் கேட்டதே இல்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"தெரியாதா உங்களுக்கு? எப்படித் தெரியும். நான் ஆகாசத்துல பறந்துட்டிருந்தவ. றெக்கை வலிச்சு, இந்தப் பாறைக்கு அடியில இறங்கி, றெக்கையக் கழட்டிப் போட்டுட்டு, ஓரிடத்துல நின்னேனே, அதுதான் தரிக்கிறது. நான் அன்னிக்குத் தரிச்சதுலதான் நீங்க அத்தனை பேரும் பிறந்தீங்க. அந்தச் சொல்லையா தூக்கி எறிஞ்சீங்க?" ஆத்தா தலையைத் திருப்பித் தேடினாள். "எங்கே அவ? இருளி எங்கே?"

அப்போதுதான் எல்லோருக்கும் திக்கென்றது. முட்டையைத் தூக்கினார்கள், ஆத்தாவைத் தூக்கினார்கள். மீசை இல்லாமல் பாதையில் நின்றவளை யாரும் கூட்டி வரவில்லை. அங்கம்மாவுக்கும் அந்த நினைப்பே வரவில்லை.

அங்கம்மா பாறையிலிருந்து உருண்டுதான் இறங்கினாள் என்று சொல்ல வேண்டும். கண்மாய்த் தண்ணீர் பள்ளத்தை நிறைத்து, பாதையில் ஏறிக்கொண்டிருந்தது. தேய்ந்த கல் பாதி முழுகியிருந்தது. அந்தக் கல்லுக்கு இரண்டு அடி மேலே, விட்ட இடத்திலேயே, விட்ட மாதிரியே இருளி நின்றிருந்தாள். முன்னங்கால் இரண்டும் நீட்டியபடி இருந்தன. பேசிக்கொண்டிருந்தாள்.

"முன்வாசலுக்குப் போகாதே. நெல்லைப் போட்டுட்டு, பாறையடி வாசலுக்குப் போ. முட்டையைத் தூக்கு."

பாதையில் ஒருவரும் இல்லை. அது அவளுக்குத் தெரியாது. மணம் இல்லாதவளுக்கு வெறும் பாதையும் ஆள் நிறைந்த பாதையும் ஒன்றுதானே. வரிசை இன்னும் போய்க்கொண்டிருக்கிறது, ஒருத்தியும் நிற்கவில்லை என்று நினைத்து, அவள் வெறும் காற்றிடம் அத்தனை நேரமும் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். பின்னங்காலைத் தண்ணீர் தொட்டுவிட்டது. அப்போதும் அவள் நகரவில்லை.

"இருளி" என்றாள் அங்கம்மா.

"யாரு? யாரா இருந்தாலும் கேட்டுட்டுப் போ. முன்வாசலுக்குப் போகாதே..."

"நான்தான்டி."

"நான்னா யாரு? எனக்கு மணம் தெரியல. கேட்டுட்டுப் போயிரு, நிக்கக்கூட வேணாம்."

அங்கம்மா அவள் எதிரே போய் நின்றாள். எப்படிச் சொன்னால் இவளுக்குப் புரியும் என்று தெரியவில்லை. தன் மீசை இரண்டையும் மெதுவாக நீட்டி, தங்கச்சியின் முகத்தைத் தடவினாள். நெற்றி, கண், வாய். மீசை இருந்த இடத்தில் இரண்டு சின்னக் குழி. அதையும் தொட்டாள். பக்கத்துப் பக்கத்து முட்டைக்குள் கிடந்தபோது இருந்தார்களே, அவ்வளவு நெருக்கம்.

இருளியின் பேச்சு நின்றது. "அக்கா?"

"ம்" என்றாள் அங்கம்மா. இந்தத் தடவை அவள் போகவில்லை. "கேட்டுட்டேன்டி. முழுசாக் கேட்டுட்டேன். முட்டையெல்லாம் மேல போயிருச்சு. வா."

பாறைக்குக் கூட்டி வந்ததும் சடச்சி இருளியின் முன்னால் தன் தலையைக் குனிந்து, "என்னோடதக் கடிச்சிருங்க" என்றாள்.

"உன்னுது போனா இவளுக்கு முளைக்குமா?" என்றாள் ஆத்தா. "உன் மீசைக்கு வேற வேலை இருக்கு. போறப்போ வாறப்போ இவளைத் தொட்டு, நீ யாருன்னு சொல்லிட்டுப் போ. இவ ஏதாச்சும் சொன்னாக் கேட்டுட்டுப் போ."

தண்ணீர் வடிந்து, புதுப் புற்று மேட்டில் வந்தது. இருளியை உள்ளே உட்கார வைத்துச் சோறு போடுகிறோம் என்றார்கள். அவள் கேட்கவில்லை. பாதையில்தான் நடப்பேன், ஒருத்தியின் பின்னால் ஒருத்தியாக என்னையும் விடுங்கள் என்றாள். விட்டார்கள். அவள் எதிரே வந்தால் எல்லோரும் நின்று, முகத்தைத் தொட்டு, பெயரைச் சொல்லிவிட்டுப் போனார்கள். ஆனால் வரிசையில் வருகிற கறுப்புத் தலைகளில் எது இருளி என்று தூரத்தில் யாருக்குத் தெரியும்? தொட்டுப் பார்த்தால்தான் தெரியும். அதனால் எல்லோரும் எல்லோரையும் தொட்டுப் பார்த்தார்கள். ஓணான் வந்தாலும் பரவாயில்லை என்றாள் சடச்சி. இருளி போய்ச் சேர்ந்தாள், சடச்சியும் போய்ச் சேர்ந்தாள், அவர்களுக்குப் பின்னால் பிறந்தவர்களும் போய்ச் சேர்ந்தார்கள். பழக்கம் மட்டும் போகவில்லை.

அன்று முதல்தான், வாயில் எவ்வளவு சுமை இருந்தாலும், எறும்பு எதிரே வருகிறவளைக் கண்டதும் ஒரு மூச்சு தரித்து, அவளுடைய மீசை பத்திரமாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்து, "ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டுவிட்டுப் போகிறது.